எட்டாம் எண் அறையில் இறந்தவள்

எழுபத்தாறு நவம்பரிலிருந்து
நான் செத்துக்கொண்டிருக்கிறேன்.
இப்போதெல்லாம் வியாழக்கிழமை, மதியம் இரண்டேகாலுக்கு,
காதுக் கருவி விளம்பரத்துக்கும்
சவப்பெட்டிக் காப்பீட்டு விளம்பரத்துக்கும் நடுவில்.

ஸ்கார்பரோவில், கடலைப் பார்த்த ஓட்டல்.
அங்கே நான் அறை கூட்டிப் படுக்கை விரிப்பவள்.
பிணமாக நடிக்க லண்டனிலிருந்து வந்தவளுக்குக் காய்ச்சல்.
"நீயும் அவள் உயரம்தான்" என்றார்கள்.
பதினோரு பவுண்டு, மதியச் சாப்பாடு,
கழுத்தில் நீலம் பூச ஒரு பெண்.
காலையில் நானே விரித்த படுக்கையில்
பத்தரை மணிக்கு நானே இறந்து கிடந்தேன்.

"மூச்சு விடாதே" என்றார் இயக்குநர்.
விட்டேன்.
ஒரே ஒரு தடவை, துறைமுகத்தில் மீன்கப்பல் ஊதியபோது.
பச்சைப் போர்வை நூலளவு எழுந்து அமர்ந்தது.
யாரும் கவனிக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு
சாண்ட்விச் சாப்பிடப் போனார்கள்.

இன்ஸ்பெக்டர் பிளென்கின் எதையும் விடாதவர்.
கிண்ணத்தில் இரண்டு விதச் சாம்பல்,
மழையில்லாத நாளில் நனைந்திருக்கும் குடை,
புது விதவை தேநீரில்
மறக்காமல் இரண்டு கட்டி சர்க்கரை போடுவது.
அப்படிப்பட்டவர், முழங்காலைத் திட்டிக்கொண்டே குனிந்து
என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி
"இறந்து ஆறு மணி நேரம்" என்கிறார்.
அவர் மூச்சு என் இமையில் பட்டது,
புதினா மிட்டாய் வாசனையோடு.
என் மூச்சு அவருக்குத் தட்டுப்படவில்லை.

ஆனாலும் அவரை விட்டுக்கொடுக்க மாட்டேன்.
தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் எவரிடமும் பேசுவார்.
"ஒன்பதடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது
நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"
பிரபுவிடம் கேட்பார்.
பாத்திரம் கழுவுகிறவளிடமும் அதே குரலில் கேட்பார்.
கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்பார்.

என் தம்பி டெரிக் போன படகைப் பற்றி
ஹல் நகரில் மூன்று பேர் இரண்டு வருடம் விசாரித்தார்கள்.
பதினான்கு பக்கம்.
கடைசிப் பக்கத்தில் குற்றவாளி: வானிலை.
வானிலையை வரவேற்பறையில் உட்காரவைத்து
யாரும் துருவவில்லை.
படகு முதலாளியிடம்
ரேடியோவை ஏன் பழுது பார்க்கவில்லை என்று கேட்கவில்லை.
அன்று ஒன்பதடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது
நான் எங்கே இருந்தேன் என்றும்
எவரும் கேட்கவில்லை.
துணி மடித்துக்கொண்டிருந்தேன், ஐயா.
அவனுடைய காலுறை ஒன்று ஜோடியில்லாமல் இருந்தது.

டீவியில் எல்லாம் ஐம்பது நிமிடம்தான்.
முடியும் நேரத்தில் கொன்றவர்
கோப்பையைச் சாசரில் வைக்கிறார்.
சத்தம் கேட்கிறது.
பிறகு, "ஆமாம்" என்கிறார்.
யார் என்பது எனக்கு மனப்பாடம். பல் மருத்துவர்.
இருந்தும் உட்கார்ந்திருக்கிறேன்,
அந்த ஒரு சொல்லுக்காக.

போன வியாழன் கொதிகலன் ஒழுகியது.
காஸ்பர் என்று ஒரு போலந்துக்காரப் பையன்,
காதில் பென்சில், முழங்காலுக்குக் கீழே என் பழைய துண்டு.
ஸ்பானரைத் திருகியபடியே எட்டிப் பார்த்தான்.

"மிஸஸ் ஹார்க்கர், அந்தப் பிணம் மூச்சு விடுது."

நாற்பத்தெட்டு வருடம்.
"எந்த இடத்தில் பார்த்தாய்?" என்றேன். "அவசரப்படாமல் சொல்."
"போர்வையில். கப்பல் சத்தம் வந்தப்போ."
திரையைப் பார்த்தான்.
என் மூக்கைப் பார்த்தான்.
மறுபடி திரை.
துண்டிலிருந்து மெல்ல எழுந்து நின்றான்.
குழாயிலிருந்து வாளிக்குள் ஒரு சொட்டு. இன்னொன்று.
பதில் வரும்வரை நின்றான், பிள்ளை.

கோப்பையைச் சாசரில் வைத்தேன்.
"ஆமாம்" என்றேன்.